உச்சிவேளைக் குடைக்காரர்

செவலூரணியில் 'உச்சிவேளை' என்கிற பேய்க்கதைப் படப்புத்தகம் நின்றுபோன பங்குனி கழிந்து, சித்திரை வெயில் ரோட்டுத் தாரை இளக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானத்தில், அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு கதைக்கும் முதல் கட்டத்தில் நின்று வாசகரை வரவேற்று, கடைசிக் கட்டத்தில் நின்று சிரித்து வழியனுப்புகிற குடைக்காரர், அச்சாபீஸ் தெருக் குழாயடிக்கு வந்து நின்றார். யாரும் பதறவில்லை. தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடங்களை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்கள். புத்தகத்தை நிறுத்திட்டாங்க, வேலை போன மனுசன் வெளியதான வந்து நிப்பாரு என்றாள் ஒருத்தி; மற்றவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

படத்தில் இருந்தபடியே இருந்தார். கறுப்புக் குடை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கரை வைத்த வேட்டி, செருப்பில்லாத நீளமான பாதங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கன்னம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. பைண்டிங் பிரிவில் தாள் மடிக்கும் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து அவரைச் சுற்றி நின்று, தாங்கள் எத்தனையோ வருசமாக மடித்து அடுக்கிய முகத்தை உற்றுப் பார்த்து, "செவப்பு ஒரு நூல் தள்ளியிருக்கு பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள். உண்மைதான். அவர் உதட்டின் சிவப்பு உதட்டுக் கோட்டுக்குள் நிற்காமல் கொஞ்சம் வலது பக்கமாக விலகி, சதையில்லாத இடத்தில் கிடந்தது. யாரோ ஒரு செம்பு மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த செம்பின் விளிம்பில் அச்சு மசி ஒட்டியிருந்தது.

குணசுந்தரி அச்சாபீஸ் மாடி ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தாள். 'உச்சிவேளை' நடந்த காலமெல்லாம் அதற்குத் தமிழ் எழுதியவள் அவள்தான். புத்தகத்தில் போடுகிற பெயர் வேறு, ஆம்பளைப் பெயர். பொம்பளை எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த படங்களில், அங்கிக்குள் முகத்தை மறைத்த ஒரு கிழட்டு உருவம் நடு ராத்திரியில் கல்லறைமேல் உட்கார்ந்து கதை சொல்லும். நம்ம ஊரில் ராத்திரிக்கு என்ன பயம், ராத்திரியானால்தான் காற்று வரும், ஜனம் வெளியே வரும், மத்தியான வெயிலில் ஆளில்லாத தெருதான் பயம் என்று குணசுந்தரி சொல்லப்போய், ஓவியர் அந்தக் கிழட்டு உருவத்தை அழித்துவிட்டுக் குடையோடு இவரை வரைந்தார். ஓவியர் பிறகு சினிமாவுக்கு பேனர் எழுத மெட்ராஸ் போய்விட்டார். குடைக்காரர் வாயருகே வெள்ளையாக விட்டிருக்கும் குமிழுக்குள் ஒவ்வொரு மாதமும் சொல் வைத்தது குணசுந்தரி. வாருங்கள் அன்பர்களே என்று அவரைப் பேசவைத்தது அவள். இப்போது நாள்காட்டித் தாளில் ராகுகாலமும் எமகண்டமும் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபோது, அவர் குடையைச் சாய்த்து மேலே பார்த்தார். அவள் தரப்போகிற சொல்லுக்காகக் காத்து நிற்பவர்போல இருந்தது அந்தப் பார்வை.

ஊரிலேயே அவள் ஒருத்திதான் பயந்தாள். அந்தப் புத்தகத்தில் எல்லாரும் உயிரோடு முடிந்த கதை ஒன்றுகூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவர் விறகுக்கடை தவசிலிங்கத்தின் வாசலில் நின்றார். தவசிலிங்கம், அண்ணன் செத்ததும், அண்ணன் பெண்டாட்டியை வீட்டின் பின்கட்டில் ஒதுக்கி, கிணற்றுக்கு இரும்பில் கம்பி மூடி அடித்துப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு, அவள் தெருத்தெருவாகக் குடம் தூக்கி அலைவதைக் கடை முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். குடைக்காரர் வெயிலில் நின்று, நிதானமாக, அச்சுத் தமிழில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாருங்கள் அன்பர்களே. இது ஒரு கிணற்றின் கதை. இந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டு. ஆனால் கேட்பவருக்குக் கிடைக்காது."

தவசிலிங்கம் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான். அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் வாளி அறுந்து கிணற்றில் விழ, அதை எடுக்க உறைப்படிகளில் இறங்கியவனுக்குத் தலைக்குமேல் கம்பி மூடி தானாகச் சாய்ந்து பூட்டிக்கொண்டது. சாவி அவன் இடுப்பில், பூட்டு கம்பிக்கு மேலே, கை எட்டாத பக்கத்தில். அவன் போட்ட சத்தம் பின்கட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அண்ணன் பெண்டாட்டி அந்த நேரம் வேறு தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். கம்பியை அறுத்து அவனை எடுத்தபோது, விரல்கள் கம்பியைப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தன. குடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார். புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் எப்படிச் சிரிப்பாரோ அதே சிரிப்பு, அதே பற்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. மழை பெய்யாத வருசத்தையும், மூடிய தீப்பெட்டி ஆபீசையும், புதிதாக வந்த மின்சாரக் கம்பத்தையும் எப்படிப் பழகிக்கொண்டதோ அப்படியே பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணியை முன்னால் தள்ளினார்கள். கல்யாண முகூர்த்தங்கள் எல்லாம் வெயில் ஏறுமுன் முடிந்தன. பெண் பார்க்க வந்தவர்களிடம் தரகர்கள், நல்ல குடும்பம், குடை நிக்காத வாசல் என்று சொல்லத் தொடங்கினார்கள். கவுன்சிலர் குழாயடியில் அவருக்காக ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்தார். குடைக்காரர் அதன் கீழ் நிற்கவில்லை, அதனால் நாய்கள் படுத்துக்கொண்டன. கொஞ்ச காலம் ஊர் சுத்தமாக இருந்தது என்றுகூடச் சொல்ல வேண்டும். பால் கெட்டியாக வந்தது, தையல்காரர்கள் மிச்சத் துணியைத் திருப்பித் தந்தார்கள், மாமியார்கள் மருமகள்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். உச்சிப்பொழுது நெருங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, அந்த நீளமான பாதங்கள் தங்கள் வாசலைத் தாண்டிப் போகின்றனவா என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். தாண்டிப் போனதும் மூச்சை விட்டு, எந்த வாசலில் நிற்கிறார் என்று பார்க்க ஓடினார்கள்.

அப்படி இருக்கையில்தான், அவருக்குக் கதை சொன்னால் கேட்பார் என்பதைக் கோமதியம்மாள் கண்டுபிடித்தாள். சோடாக் கடைக்காரர் மனைவி அவள். குழாயடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, பொழுது போகாமல், பக்கத்தில் நின்ற குடைக்காரரிடம், எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஒரு கிழவிக்குத் தெரிந்தே மாத்திரையை மாற்றிக் கொடுத்தார் என்று ஒரு கதையை ஆரம்பித்து, நடுவில் தானே ரசித்து, இரண்டொன்று சேர்த்து, கடைசியில் அந்த மனுசன் தன் மருந்தைத் தானே தின்று விழப்போகிறான் என்று முடித்தாள். குடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை வாசலுக்கு நடந்தார். அடுத்த வாரம் அவள் சொன்னபடியே நடந்தது.

அந்த மருந்துக்கடைக்காரர் யாருக்கும் எதையும் மாற்றிக் கொடுத்ததில்லை. செத்ததாகச் சொல்லப்பட்ட கிழவி சந்தையில் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். ஊருக்கே அது தெரியும். ஆனாலும், "ஏதோ ஒண்ணு இருந்திருக்கணும், இல்லன்னா அவரு ஏன் அங்க போய் நிக்கப் போறாரு" என்று பெரியவர்கள் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, மருந்துக்கடைக்காரர் வீட்டு ஆட்கள் கருமாதி முடிந்ததும் வாசலைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார்கள். அவர்களை அனுப்பிவைக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவரும் போகவில்லை.

அதற்குப் பிறகு குழாயடியில் தண்ணீருக்கு நின்ற கூட்டத்தைவிடக் கதை சொல்ல நின்ற கூட்டம் அதிகமானது. வரப்புத் தகராறு உள்ளவர்கள் வந்தார்கள். பங்காளிகள் வந்தார்கள். சடங்கு வீட்டில் முன்வரிசை கிடைக்காதவர்கள் வந்தார்கள். குடைக்காரர் எல்லார் கதையையும் கேட்டார். பெரும்பாலான கதைகளுக்கு அசையாமல் நின்றார். கதை உண்மையா பொய்யா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை, கதை நன்றாக இருக்க வேண்டும், முடிவில் ஒரு திருப்பம் வேண்டும், செய்தவனுக்குச் செய்தபடியே திரும்ப வேண்டும் என்பது கொஞ்ச நாளில் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. புரிந்ததும் அவர்கள் குணசுந்தரியைத் தேடி வந்தார்கள்.

கொய்யாப்பழத்தோடு வந்தார்கள், கருப்பட்டியோடு வந்தார்கள், கண்ணீரோடு வந்தார்கள். "நீ எழுதுன ஆளுதான தாயி, உனக்குத்தான் அவரு மனசு தெரியும், ஒரு நாலு வரி கோத்துக் குடு" என்றார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கவுன்சிலரே வந்து, அடுத்த தேர்தலில் நிற்கப்போகிற ஒருவரைப் பற்றி அவள் காதில் எதையோ சொல்ல ஆரம்பித்தபோது, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய், அவர் போகும்வரை அடுப்படியில் நின்றாள்.

ஒருநாள் முதலாளியிடம் போனாள். "அண்ணாச்சி, புத்தகத்த மறுபடியும் ஆரம்பிங்க. அவருக்கு நிக்க ஒரு எடம் இருந்தா தெருவுக்கு வரமாட்டாரு."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும்மா வாங்குவா. அதான் வாசல்லயே நடக்குதே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, என்னையப் பத்தி யாரும் எதுவும் சொல்லலல்ல" என்று கேட்டார்.

குணசுந்தரிக்கு மரகதம் என்று ஒரு தங்கை. கட்டிக்கொடுத்தது உள்ளூரில்தான், வத்தல் கமிஷன் கடை ஜெயக்கொடிக்கு. கீழே மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கி, மேலே வீடு. ஜெயக்கொடி வெளியில் அதிர்ந்து பேசாதவன், கோயில் காரியத்துக்கு முன்னால் நிற்பவன். வீட்டுக்குள் கதவைத் தாழ் போட்டுவிட்டு அடிப்பவன். ஈரத் துணியைச் சுற்றி அடித்தால் தடம் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மாசி மாதத்தில் மரகதத்தை அக்கா வீட்டுக்குத் துரத்திவிட்டு, மகள் வளர்மதியை மட்டும் வைத்துக்கொண்டான். ரெண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. மரகதம் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவாள். பள்ளிக்கூடம் லீவு விட்டபிறகு அதுவும் இல்லை.

அன்றைக்கு உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் குணசுந்தரி கூந்தலை முடிந்துகொண்டிருந்தபோது, மரகதம் குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை.

"சொல்லிட்டேங்க்கா" என்றாள்.

குணசுந்தரிக்கு உடனே புரிந்தது. புரியாதவள்போலக் கேட்டாள்: "யாருட்ட?"

"அவருட்டதான். எல்லாரும் சொல்லுறாக. பொய்யெல்லாம் சொல்லுறாக. நான் உள்ளதத்தான் சொன்னேன். ஈரத் துணிய சொன்னேன், தாழ்ப்பாள சொன்னேன். மூஞ்சியில வத்தப் பொடிய தூவுனத சொன்னேன். கேட்டுட்டே நின்னாரு. முடிவு என்னன்னு கேக்குற மாதிரி பாத்தாரு."

"என்ன முடிவு சொன்ன?"

"கிட்டங்கி தீப்புடிச்சு, வத்தல் பொகையில மூச்சு முட்டி, தாழ்ப்பாள தெறக்க முடியாமன்னு சொன்னேன்." மரகதம் குடத்தைக் கீழே வைத்தாள். "உடனே தலையாட்டிட்டாருக்கா."

"வீட்டுக்குள்ள யாரு இருக்காகன்னு சொன்ன?"

"எம் புருசன்னுதான்."

"வேற யாரும் இல்லன்னு சொன்னியா?"

"வளர்மதி" என்றாள் மரகதம்.  அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

புத்தகத்தில் அப்படித்தான். தீ ஒரு வீட்டைப் பிடித்தால், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று பார்ப்பதற்குக் கட்டங்களில் இடம் கிடையாது. கடைசிப் பக்கத்துக்கு ஒரு அழுகுரல் தேவைப்படும், அது குழந்தையின் குரலாக இருந்தால் வாசகர் பக்கத்தைத் திருப்பியபிறகும் மறக்க மாட்டார். இதை அவளே பலமுறை எழுதியிருக்கிறாள். முடியை முடியாமலே குணசுந்தரி தெருவில் இறங்கி ஓடினாள்.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஜெயக்கொடி வீட்டுக்கு எதிரே நிழல் விழுந்த இடமெல்லாம் ஜனம். செய்தி ஏற்கெனவே பரவியிருந்தது. விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள், செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள், தெரிந்தவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். குணசுந்தரி தலைவிரிகோலமாக ஓடிவருவதைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து, "இங்கிட்டு நில்லு தாயி, நல்லாத் தெரியும்" என்றார். மாடி ஜன்னல் மூடியிருந்தது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஜெயக்கொடி நினைத்திருக்க வேண்டும். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

குடைக்காரர் வாசலில் நின்றார். சூரியன் அவர் தலைக்கு நேர்மேலே இருந்தது.

"வாருங்கள் அன்பர்களே" என்றார். "இது ஒரு கிட்டங்கியின் கதை. இங்கே நெருப்பின் நிறத்தில் ஒரு பொருள் மூட்டை மூட்டையாக உறங்குகிறது. மேலே ஒரு மனிதன் இருக்கிறான். அவன் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு—"

வத்தல் கருகுகிற நெடி எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். இருமிக்கொண்டே முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. ஒருத்தியாவது எழுந்து கதவைத் தட்டியிருக்கலாம். மாடியிலிருந்து ஒரு குழந்தை இருமுகிற சத்தம் வந்தது.

குணசுந்தரி குடைக்குள் போய் நின்றாள். குடையின் நிழலுக்குள் குளிர்ச்சி இல்லை, அச்சு மசியின் வாசனை இருந்தது.

"இல்லை" என்றாள். "இது இந்த வீட்டுக் கதை இல்லை."

குடைக்காரர் நிறுத்தினார். அந்தப் புள்ளிபோட்ட முகம் அவள் பக்கம் திரும்பி, வாய் பாதி திறந்தபடி நின்றது. எத்தனையோ மாதங்கள் மாடி அறையில், காய்ந்த மசி படிந்த மேசையில், வெறுமையாக இருந்த அவர் வாயை அவள் பார்த்திருக்கிறாள். அதில் எதை வைத்தாலும் அவர் சொல்லியிருக்கிறார்.  தான் எழுதுகிற தமிழிலேயே, சத்தமாக, எதிரே உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"வாருங்கள் அன்பர்களே. இது ஒரு ஊரின் கதை. அந்த ஊருக்கு வேலை போன ஒருவர் வந்தார். தாகம் என்று அவர் கேட்கவில்லை, மோர் கொடுத்தார்கள். கதை என்றும் அவர் கேட்கவில்லை, கதை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டைக் கொடுத்தார்கள், எதிர்வீட்டைக் கொடுத்தார்கள், உடன்பிறந்தவனைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, நிழலில் இடம் பிடித்து உட்கார்ந்து, எப்போது முடியும் என்று பார்த்தார்கள். கிணற்றுக்குள் ஒருவன் போட்ட சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. அண்ணன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் கேட்கவில்லை."

விசிறிகள் நின்றுவிட்டன. கோமதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கவுன்சிலர் எழுந்து போவதற்குச் செருப்பைத் தேடினார்.

குடைக்காரருக்குக் கதை பிடித்திருந்தது. அவர் கண்கள் ஜெயக்கொடியின் வாசலை விட்டு நகர்ந்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு வாசலாகப் போயின. பிறகு அவள் பக்கம் குனிந்து, முதல் முறையாக அச்சில் இல்லாத ஒரு சொல்லை, கதையை மட்டும் சொல்லிப் பழகிய குரலில் கேட்டார்.

"முடிவு?"

அவளுக்கு முடிவு தெரியவில்லை. தெரிந்த முடிவுகளெல்லாம் தீ, கிணறு, விஷம், கயிறு. ஊர் முழுக்க வாசல்கள், வாசலுக்குள் தொட்டில்கள். மாடியில் இருமல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. செய்தவர்களுக்குச் செய்தபடி திரும்ப வேண்டும். எதைக்கொண்டு செய்தார்களோ அதைக்கொண்டே திரும்ப வேண்டும். யோசிக்க நேரமில்லாமல் சொன்னாள்:

"அன்றிலிருந்து அந்த ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வாய் எழவில்லை."

அவர் தலையைச் சாய்த்தார். இன்னும் பயங்கரமாக ஒன்றை எதிர்பார்த்தவர்போல இருந்தது. பிறகு மெல்ல, கடைசிக் கட்டத்துச் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. வத்தல் நெடி அடங்கியது. அவர் நடந்து போய் நாலு தெரு கூடுகிற இடத்தில் குடையை மடக்கிக்கொண்டு நிற்க, ஜனம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவர் உடம்பிலிருந்து முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு சிவப்பு, பிறகு நீலம். கறுப்புக் கோடுகள் மட்டும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று, அவையும் போயின.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. அரிசி, உப்பு, மழை, பஸ் நேரம் எல்லாம் பேச முடிந்தது. தலைவலி என்று சொல்ல முடிந்தது. இன்னொரு மனுசன் பெயரையோ, அவன், அவள், அவுக என்பதையோ சொல்லப்போனால் மட்டும் தொண்டையில் காற்று நின்றுவிடும். தரகர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பஞ்சாயத்துக் கூடவில்லை; வாதியும் சாட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து, செருப்பின் வாரைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். குழந்தைகள் அம்மாவிடம் அண்ணன் அடித்தான் என்று சொல்ல வந்து, விழித்துவிட்டு, திரும்பிப் போய்த் தாங்களே அடித்தார்கள். அமைதியான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். இழவு வீட்டில்கூட ஒப்பாரி வெறும் குரலாகத்தான் எழுந்தது. செத்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், மாடு கத்துவதுபோல.

மரகதம் பிள்ளைக்காகத் திரும்பவும் ஜெயக்கொடி வீட்டுக்கே போனாள். அவன் கதவைத் திறந்துவிட்டான், பிறகு தாழ் போட்டுக்கொண்டான்.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலைப்பொழுதில் அவள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கண் மூடியிருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். இப்போது அவன் தடம் தெரியாமல் அடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. மரகதம் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. "வலிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

யாரு, என்று கேட்க குணசுந்தரி வாயைத் திறந்தாள். வரவில்லை. பெயரைச் சொல்லித் திட்ட நினைத்தாள், வரவில்லை. தெருவில் போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை போனாள். போகிறவர்கள் மரகதத்தின் முகத்தைப் பார்த்தார்கள், அவர்களுக்கும் புரிந்தது, அவர்கள் வாயும் திறந்தது. "வெயில் சாஸ்தி" என்றார் ஒருவர். கண்ணில் நீர் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

தான் சொன்ன முடிவு யார் வாயை அடைத்திருக்கிறது என்று குணசுந்தரி அப்போதுதான் பார்த்தாள். பொய்க்கு வைத்த பூட்டில் உண்மையும் அகப்பட்டிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு பையில் ரெண்டு சேலையை வைத்தாள். கடைவேலை மும்முரமாக இருக்கிற நேரம் பார்த்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கியின் பக்கவாட்டுப் படியில் ஏறி, வளர்மதியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிள்ளை அழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயக்கொடி மிளகாய்த் தூசி படிந்த வேட்டியோடு ஓடிவந்தான். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கையை நீட்டி, பஸ்ஸைக் காட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினான். என் பிள்ளையைக் கொண்டுபோறா என்று சொல்ல வந்தான். வரவில்லை. கூட்டம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றது. பஸ் நகர்ந்தது.

ஊர் எல்லையான ஆற்றுப்பாலம் தாண்டியதும் மரகதத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, அது "அவன்" என்ற சொல்லாக முடிந்தது. அதே நேரத்தில் பஸ் முழுக்க, செவலூரணியில் ஏறியவர்கள் எல்லாரும், வாரக்கணக்கில் அடக்கிவைத்திருந்ததைக் கொட்டத் தொடங்கினார்கள். அவன், அவள், அந்தக் குடும்பம், அந்தப் படுபாவி. கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார். அந்த இரைச்சலுக்குள் மரகதம் அக்காவின் தோளில் சாய்ந்து, கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லி முடித்துத் தூங்கிப்போனாள். குணசுந்தரி அழுதாள். நல்லது செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள்.

மடியில் இருந்த வளர்மதி அவள் சேலை நுனியை இழுத்தாள்.

"பெரியம்மா."

"என்னடா கண்ணு."

"எனக்கும் ஒரு கதை தெரியும். அப்பா சொல்லிக் குடுத்தாக. குடைத்தாத்தாட்ட நான்தான் சொல்லணுமாம், புள்ள சொன்னா அவரு நம்புவாராம். தெனமும் மனப்பாடம் பண்ணச் சொல்லி தப்பில்லாம ஒப்பிக்க வச்சாக. அதுக்குள்ள அவரு போயிட்டாரு." பிள்ளை எழுந்து, திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. "அம்மாவப் பத்துன கதை. கடைசில அம்மா ஒரு தண்டவாளத்துல... முழுசாத் தெரியும் பெரியம்மா. வாருங்கள் அன்பர்களே—"

குணசுந்தரி அதன் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் மரகதம் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வெயிலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே ரயில் பாதை சாலையோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் அழுத்திப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன உதடுகள், ஒரு சொல் விடாமல், அசைந்துகொண்டே இருந்தன.